சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

சிங்கப்பூரின் உணவுக்கடை வாசல்கள் பலவற்றில் ஒரு சிறிய அறிவிப்பு ஒட்டியிருக்கும்: ‘பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை.’ ஊருக்குப் புதிதாக வரும் முஸ்லிம் பயணி அதைப் படித்ததும் நிம்மதியாக உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறார். அறிவிப்பு பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதியை அது சொல்லவே இல்லை. கோழியை அறுத்தது யார், எந்த முறையில்? ஜப்பானியக் குழம்பில் மிரின் என்ற இனிப்பு அரிசி மது சேர்ந்திருக்கிறதா? சீன முறையில் இறைச்சியை ஊறவைக்கும்போது ஷாவ்ஷிங் மது ஊற்றினார்களா? இனிப்பில் கலந்த ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து எடுத்தது? பன்றி இறைச்சியை விலக்கிவிட்ட சமையலறையிலும் இத்தனை கேள்விகளுக்கு இடம் இருக்கிறது.

மக்களில் முக்கால்வாசிப் பேர் சீனர்களாகவும், ஏறக்குறைய 15 சதவீதத்தினர் முஸ்லிம்களாகவும் வாழும் நகரம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள், குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் காப்பிக்கடைகள், ரயில் நிலையத்துக்கு ஒன்றாக வணிக வளாகங்கள் என்று எங்கு திரும்பினாலும் சாப்பாடு. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு உணவுக்கு நடுவில் தனக்கு ஆகுமான உணவைத் தேடுபவர் எதை நம்பிச் சாப்பிடுவது என்ற கேள்விக்கு, உலகின் பெருநகரங்கள் பலவற்றைவிட சிங்கப்பூர் தெளிவான பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலில் ஒரு முக்கியமான குறையும் இருக்கிறது.

பதிலின் பெயர் முயிஸ். 1966-இல் இயற்றப்பட்ட முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்படி 1968-இல் அமைந்த சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தைத்தான் அங்குள்ளவர்கள் இப்படிச் சுருக்கி அழைக்கிறார்கள். 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கும் பொறுப்பு அதனிடம் இருக்கிறது. சான்றிதழ் பெறுவது கட்டாயமில்லை. ஆனால் பெறாமலேயே அதற்கான பச்சை முத்திரையைப் பயன்படுத்தினால் 10,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். முத்திரைக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் வாடிக்கையாளர் தாமாகவே விசாரித்துச் சேகரிக்க வேண்டிய நம்பிக்கையை இங்கே ஒரு சட்டபூர்வ அமைப்பு தன் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறது.

ஏற்றுக்கொண்டதைச் சுமக்கவும் செய்கிறது. கடைக்குள் வரும் இறைச்சி, எண்ணெய், சாஸ், மசாலா ஒவ்வொன்றுக்கும் மூலம் காட்டியாக வேண்டும். முஸ்லிம் ஊழியர்கள் பணியில் இருக்க வேண்டும். அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வருவார்கள். மது விற்கும் உணவகத்துக்குச் சான்றிதழே கிடையாது. முன்பு பன்றி இறைச்சி சமைத்த இடமாக இருந்தால் சமய முறைப்படி கழுவித் தூய்மைப்படுத்திய பிறகே அடுப்பை ஏற்ற முடியும். மலாய் முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி வழிமுறையில் இந்தத் தூய்மைக்கு இருக்கும் கண்டிப்பு, ஹனஃபி வழிமுறையில் வளர்ந்த தமிழ்நாட்டு ராவுத்தர் குடும்பத்தினருக்குக்கூடச் சற்றுப் புதிதாகத் தெரியும். ஷாஃபிகளான மரைக்காயர்களுக்கு அது பழக்கமானது.

பயணிகள் அதிகம் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. சான்றிதழ் நிறுவனத்தின் பெயருக்குக் கிடைப்பதில்லை, குறிப்பிட்ட முகவரியில் இயங்கும் கடைக்குக் கிடைக்கிறது. ஒரே பெயர்ப்பலகையில் பல கிளைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வாங்கியாக வேண்டும். ஒரு கிளையில் முத்திரையைப் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பேட்டையில் உள்ள கிளைக்குள் நுழைவது சரியாகாது. சான்றிதழில் முகவரியும் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கும். முயிஸின் இணையப் பட்டியலிலும் சரிபார்க்கலாம்.

அரபுப் பெயரையும் துருக்கி விளக்குகளையும் பார்த்து ஏமாறுவோர் இன்னொரு வகை. சுல்தான் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கம்போங் கிளாம் பகுதியில் மத்தியக் கிழக்கு உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் மது பரிமாறும் கடைகளும் உண்டு. ஹலால் இறைச்சியையே வாங்கிச் சமைத்தாலும் அந்தக் கடைகள் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியாது. லிட்டில் இந்தியாவின் வடஇந்திய உணவகங்களுக்கும் இது பொருந்தும். ‘நம்ம ஊர்ச் சாப்பாடுதானே’ என்ற நினைப்பில் நுழைபவர் மேசையில் பியர் பட்டியலைப் பார்த்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்.

முஸ்லிம் அல்லாத வணிகர்கள் ஏன் இவ்வளவு கெடுபிடிக்கு உட்பட்டுச் சான்றிதழ் வாங்குகிறார்கள்? அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து மதிய உணவுக்குப் போகும்போது அவர்களில் ஒருவர் முஸ்லிம் என்றால், அந்தப் பத்துப் பேரும் ஹலால் கடைக்குத்தான் போவார்கள். பல இனத்தவர் சேர்ந்து வேலை செய்யும் ஊரில் 15 சதவீத மக்களின் உணவு விதி அவர்களைவிடப் பெரிய கூட்டத்தின் பணத்தைத் திசைதிருப்புகிறது. 1992-இல் மெக்டொனால்ட்ஸ் தன் சிங்கப்பூர்க் கடைகளுக்கு ஹலால் சான்றிதழ் வாங்கியதன் பின்னணியில் இந்தக் கணக்கு இருப்பதை எளிதில் ஊகிக்கலாம்.

அதே நிறுவனம் 2010-இல் ஒரு பாடம் படித்தது. சீனப் புத்தாண்டுக்காக, பன்னிரண்டு ராசி விலங்குகளின் வேடத்தில் டோரேமான் என்ற கார்ட்டூன் பாத்திரத்தின் பொம்மைகளை விற்றபோது, ஹலால் கடை என்பதால் பன்றியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் மன்மத பொம்மையை வைத்தது. பன்றி ஆண்டில் பிறந்த சீனர்கள் கொதித்தார்கள். பொம்மையை யாரும் சாப்பிடப்போவதில்லையே என்று கேட்டவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பன்றி பொம்மையைத் திரும்பக் கொண்டுவந்தது. சமயத்தின் பெயரால் சமயம் கேட்காததையும் சேர்த்துக் கொடுக்கும் இந்த அதீத எச்சரிக்கை முஸ்லிம்களுக்கு உதவுவதில்லை. அண்டை வீட்டாருக்கு வீண் எரிச்சலைத்தான் தருகிறது.

பெரும்பாலும் இந்த ஊர் இதைப் பக்குவமாகவே கையாள்கிறது. உணவு வளாகங்களில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்க, ஹலால் கடைகளின் தட்டுகளுக்கு ஓர் அடுக்கும் மற்றவற்றுக்கு வேறோர் அடுக்கும் இருக்கின்றன. பன்றி இறைச்சி நூடுல்ஸ் சாப்பிடும் நண்பரும் கோழிச்சோறு சாப்பிடும் நண்பரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிவிட்டு, எழுந்ததும் அவரவர் அடுக்கில் தட்டை வைத்துவிட்டுப் போகிறார்கள். சேர்ந்து உண்பதற்கு இதைவிட எளிய ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

இனிக் குறைக்கு வருவோம். சான்றிதழ், உணவு ஆகுமானதா என்பதைச் சொல்கிறது. நல்ல உணவா என்பதைச் சொல்வதில்லை. அது அதன் வேலையும் இல்லை. ஆனால் தேடுபவர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார். இணையத்தில் ஹலால் என்று தட்டினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் சங்கிலிக் கடைகள். ஆவணங்களைப் பராமரிக்கத் தனி ஊழியர் வைக்கவும், விளம்பரத்துக்குச் செலவு செய்யவும் அவற்றால் முடியும். வணிக வளாகத்தில் வாடகை கொடுக்கவும் அவற்றால்தான் முடியும். சாங்கி விமான நிலையத்தில் இறங்கி மூன்று நாளில் ஊர் திரும்பும் குடும்பம், உலகம் முழுவதும் கிடைக்கும் அதே பொரித்த கோழியைச் சாப்பிட்டுவிட்டு சிங்கப்பூரில் ஹலால் உணவுக்குக் குறைவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறது. அவர்கள் இழந்தது என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது.

இழந்ததைத் தேட நார்த் பிரிட்ஜ் ரோட்டில் தொடங்கலாம். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே, கேரளத்திலிருந்து வந்தவர் 1908-இல் தொடங்கிய ஜம் ஜம் உணவகம் இன்றும் முர்தபா வீசுகிறது. பக்கத்திலேயே 1910 முதல் விக்டரி. அதே சாலையில் 1921-இல் பிறந்த இஸ்லாமிக் ரெஸ்டாரன்ட் பிரியாணிக்குப் பேர்போனது. மெல்லியதாக விசிறிய மாவுக்குள் கொத்துக்கறியும் முட்டையும் வெங்காயமும் வைத்து மடித்துச் சுட்டெடுக்கும் முர்தபாவைக் கல்லுக்கு முன்னால் நின்று பார்ப்பதே ஓர் அனுபவம்.

இந்த ஊரில் ‘இந்திய முஸ்லிம் உணவு’ என்று பலகை வைத்த கடைகளின் பின்னால் தமிழகத்தின் கடையநல்லூர், தென்காசி, நாகூர், தஞ்சைக் கடற்கரை ஊர்களின் கதை இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த மசாலாவை அவர்கள் ஊரில் இல்லாத பண்டங்களில் போட்டார்கள். சீனரின் மஞ்சள் நூடுல்ஸைத் தக்காளிச் சாறும் மிளகாயும் சேர்த்துக் கிளறியதில் மீ கொரெங் பிறந்தது. ஆட்டின் நல்லி எலும்பு சிவக்கச் சிவக்கக் குழம்பில் வெந்து சூப் துலாங் ஆனது. நல்லியின் உள்ளே இருக்கும் மஜ்ஜையை உறிஞ்சுகுழல் வைத்து இழுத்துச் சாப்பிடுகிறார்கள். பீச் ரோட்டின் கோல்டன் மைல் உணவங்காடியில் இரவு நேரத்தில் அந்தச் சிவந்த எலும்புக் குவியலைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் எங்கு தேடினாலும் இந்த இரண்டும் இதே வடிவில் கிடைக்காது. ஆனால் இவற்றை ஆக்கிய கைகள் தமிழ்க் கைகள்.

இத்தகைய ஒற்றைக் கடைகள் பலவற்றின் முகப்பில் பச்சை முத்திரை இருக்காது. ‘முஸ்லிம் உரிமையாளர்’ என்ற வரியோ, அரபு எழுத்தில் பிஸ்மில்லாவோ மட்டும் இருக்கும். கடைக்காரர் காலையில் தானே இறைச்சி வாங்கி, தானே சமைத்து, தன் பிள்ளைகளுக்கும் அதே சட்டியிலிருந்து பரிமாறுகிறார். இதற்குமேல் என்ன சான்று என்பது அவருடைய நியாயம். அவருக்குக் கட்டணமும் விண்ணப்பமும் ஆவணக் கோப்புகளும் பெரும் சுமை. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உரிமையாளர் முஸ்லிம் என்பதால் மட்டும் அவர் வாங்கும் பாட்டில் சாஸில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இன்றைய உணவு நீண்ட சங்கிலியில் வருகிறது, அதன் தொலைதூரக் கண்ணிகள் எந்தக் கடைக்காரரின் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அந்தச் சங்கிலி எவ்வளவு நீளமானது என்பது 2022-இல் எல்லோருக்கும் தெரிந்தது. உள்நாட்டுத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அந்த ஆண்டு ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியை மலேசியா நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் சிங்கப்பூரின் கோழி இறக்குமதியில் 34 சதவீதம் மலேசியாவிலிருந்து வந்திருந்தது. ஏறக்குறைய எல்லாமே உயிருடன் எல்லை தாண்டி வந்து உள்ளூரில் அறுக்கப்பட்டவை. ஒரே வாரத்தில் கடைக்காரர்கள் உறைந்த கோழிக்கு மாற வேண்டியதாயிற்று. ஜூன் இறுதியில் இந்தோனேசியாவும் புதிய மூலமாக அனுமதி பெற்றது. ஒவ்வொரு புதிய மூலத்துக்கும் உணவுப் பாதுகாப்பு அனுமதி ஒருபுறம், ஹலால் ஏற்பு மறுபுறம். அத்தகைய நேரத்தில் கடைக்காரரின் நற்பெயர் மட்டும் போதாது. யாரோ ஒருவர் கடலுக்கு அப்பால் உள்ள அறுவைக்கூடம் வரை போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

சென்னைக்காரருக்கு இந்தக் கவலை சற்று அந்நியமாகப் படலாம். திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் பெரியமேட்டிலும் பிரியாணி தேடுபவர் சான்றிதழ் கேட்பதில்லை. ஆட்டுக்கறி ‘பாய் கடை’யில் வாங்கியது என்ற பொதுப் பழக்கமே அங்கே சான்றிதழாக இருந்துவருகிறது, அறுப்பவரும் சமைப்பவரும் சாப்பிடுபவரும் ஒரே பேட்டையில் இருக்கும்வரை அது போதுமானதாகவும் இருந்தது. உறைந்த இறைச்சியும் பொட்டலமிட்ட மசாலாவும் செயலி வழி வீட்டுக்கு வரும் சாப்பாடும் அந்த நெருக்கத்தைக் கரைத்துவருகின்றன. இந்தியாவில் சான்றிதழ் தருபவை தனியார் அமைப்புகள். 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஏற்றுமதிக்கானவை தவிர்த்து ஹலால் சான்றிதழ் பெற்ற உணவுப் பொருள்களின் விற்பனைக்கே தடை விதித்தது. நுகர்வோரின் தேவையை ஒழுங்குபடுத்த வேண்டிய அரசு அதை அரசியலாக்கும்போது, இழப்பு வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சேர்த்தே.

மலேசியாவில் விவாதம் எதிர்த் திசையில் ஓடியது. 2024 செப்டம்பரில், பன்றி இறைச்சியும் மதுவும் விற்காத உணவகங்கள் எல்லாவற்றுக்கும் சான்றிதழைக் கட்டாயமாக்கலாமா என்ற யோசனை எழுந்தபோது, சிறு கடைகள் அந்தச் செலவைத் தாங்குமா என்ற கேள்வி உடனே கிளம்பி அரசியல் புயலாக மாறியது. கட்டாயமாக்குவது தவறான வழி. விருப்பமாக விட்டு, போலியைத் தண்டிக்கும் சிங்கப்பூர் முறையே நேர்மையானது. ஆனால் அந்த முறை ஐம்பது கிளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் ஒற்றை அடுப்பு வைத்திருக்கும் மீ கொரெங் கடைக்காரருக்கும் ஒரே மாதிரியான கோப்பைக் கேட்டால், காலப்போக்கில் பட்டியலில் மிஞ்சுவது நிறுவனங்கள் மட்டுமே.

ஒற்றைக் கடைகளுக்குச் சில பக்கங்களில் முடியும் எளிய விண்ணப்பமும், கைபிடித்து நிரப்பித் தர ஓர் ஆளும், தாங்கக்கூடிய கட்டணமும் இருந்தால் போதும். அந்தந்தப் பேட்டையின் பள்ளிவாசல்களும் வணிகச் சங்கங்களும் இதில் உதவ முடியும். தலைமுறைகளாக நம்பிக்கையில் நடந்த கடைகள் அந்த நம்பிக்கையை எழுத்தில் காட்டத் தயங்கக் காரணமில்லை.

சாப்பிடப் போகிறவர்களும் கொஞ்சம் மெனக்கெடலாம். முத்திரை இருந்தால் தேதியையும் முகவரியையும் பாருங்கள். முத்திரை இல்லாத முஸ்லிம் கடையாக இருந்தால், ‘இறைச்சி யாரிடம் வாங்குகிறீர்கள் அண்ணே?’ என்று தமிழிலேயே கேட்கலாம். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்தின் பிரியாணிக் கடைகளில் பதிலும் பெரும்பாலும் தமிழிலேயே வரும். நேரமும் முக்கியம். ஆடம் ரோடு உணவங்காடியில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்குக் காலையில் போக வேண்டும். தேக்காவுக்கு மதியம் ஒரு மணிக்குள் போய்விடுவது நல்லது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கம்போங் கிளாமில் எந்தக் கடை நிரம்புகிறது என்று பத்து நிமிடம் நின்று கவனியுங்கள். வணிக வளாகத்தின் சங்கிலிக் கடை நாளையும் அங்கேயே இருக்கும். வாடகை ஏறிக்கொண்டே போகும் தெருவில் உள்ள பழைய கடைக்கு இந்தப் பயணத்திலேயே போய்விடுங்கள்.