எழுதுகோலுக்கும் பொய் வயதா?

பழமை என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. ‘எவ்வளவு பழமை?’ என்று எவரேனும் வினவினால், அவ்வினாவையே அவமதிப்பாகக் கருதும் பழக்கமும் உண்டு. இவ்விரண்டாவது பழக்கத்தைச் சாடவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. அதற்கு நான் எடுத்துக்கொண்ட சான்று கல்வெட்டன்று, ஏட்டுச் சுவடியுமன்று. நம் முன்னோர் சட்டைப் பையில் செருகியிருந்த ஊற்றுப்பேனாவே அது.

கிள்ளானில் நடைபெற்ற ஒரு விழாவில், மறைந்த தமிழாசிரியர் ஒருவரின் உடைமைகளைக் காட்சிக்கு வைத்திருந்தனர். மூக்குக்கண்ணாடி, வருகைப் பதிவேடு, ஒரு பேனா. பேனாவின் அருகே, ‘1935ஆம் ஆண்டு முதல் ஐயா அவர்கள் எழுதிய பேனா’ என்று ஓர் அட்டை. மாணவர்கள் அதனைப் பயபக்தியோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தனர். அப்பேனாவோ பார்க்கர் 51. அது விற்பனைக்கு வந்ததே 1941இல்தான். இசைவு பெற்று உடற்பகுதியைத் திருகிப் பார்த்தேன். உள்ளே உலோக உறையிட்ட, விரலால் அழுத்தி மை ஏற்றும் குழாய் இருந்தது. அவ்வமைப்பு 1948இல் வந்தது. அதற்கு முந்திய 51களில் வால்மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் பொத்தானை அழுத்தியே மை ஏற்ற வேண்டும். ஆக, அட்டைக்கும் பேனாவுக்கும் இடையே குறைந்தது பதின்மூன்று ஆண்டுகள்! பொறுப்பாளரிடம் பணிவோடு எடுத்துரைத்தேன். “பழசுதானே ஐயா, பத்து வருடம் முன்னே பின்னே இருந்தால் என்ன குறைந்துவிடும்?” என்றார்.

என்ன குறைந்துவிடும்? அந்த ஆசிரியரின் வாழ்வே குறைந்துவிடும். 1948க்கு முற்படாத பேனா என்றால், 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியின் பஞ்சத்தைக் கடந்து வந்த ஒருவர் கையில் ஏறிய பேனா அது. 1948இல் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலத்தையும், 1956இன் ரசாக் அறிக்கையையும், 1957இன் விடுதலையையும் அது கண்டிருக்கக்கூடும். தமிழ்ப்பள்ளியின் எதிர்காலம் பற்றி அவர் என்னென்ன எழுதினாரோ, அதனையெல்லாம் அம்முள் அறிந்திருக்கக்கூடும். ஆண்டை முன்னே தள்ளியதால் பெருமை கூடவில்லை; அவர் வாழ்ந்த காலமே அவரிடமிருந்து பறிக்கப்பட்டது.

பேனாவின் காலத்தைக் கணிப்பது மந்திர வித்தையன்று. நூலின் காலத்தைக் கணிக்கும் முறையே இதுவும். அகச்சான்று, முன்னெல்லை, பின்னெல்லை, இடைச்செருகல் ஆகிய நான்கையும் வகுப்பறையில் கற்பிக்கும் தமிழாசிரியருக்கு இது எளிதினும் எளிது.

அகச்சான்று பேனாவின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 1930களின் இறுதி முதல் அமெரிக்கப் பார்க்கர் பேனாக்கள் பலவற்றில் ஓர் இலக்கமும் சில புள்ளிகளும் காணப்படும். இலக்கம் ஆண்டின் கடைசி எண், புள்ளிகள் காலாண்டு. முதற் காலாண்டுக்கு மூன்று புள்ளிகள்; காலாண்டு கழியக் கழியப் புள்ளி ஒவ்வொன்றாகக் குறையும். ஆனால் ‘2’ என்பது 1942ஆ, 1952ஆ? இலக்கம் மட்டும் விடை சொல்லாது. மை ஏற்றும் அமைப்பே விடை சொல்லும். ஒரு சான்றை மற்றொரு சான்றால் சரிபார்ப்பதே ஆராய்ச்சி.

முன்னெல்லைக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். ‘ஜப்பான்காரன் காலத்துப் பேனா’ என்று நம் தலைநகரில் ஒருவர் எனக்கு ஒன்றை விற்க முயன்றார். அதன் முள்ளில் ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தர முத்திரை இருந்தது. அம்முத்திரைக்கு அடிப்படையான சட்டமே 1949இல்தான் இயற்றப்பட்டது. 1945இல் முடிந்துபோன ஆட்சியின் பேனாவில் 1949இன் முத்திரை எவ்வாறு ஏறிற்று? பைலட் முட்கள் பலவற்றில் மாதமும் ஆண்டுமே எண்ணாக இருக்கும்: ‘எச் 473’ எனில் ஹிராட்சுகா தொழிற்சாலை, 1973ஆம் ஆண்டு, நான்காம் மாதம். இதனினும் தெளிவாக ஒரு பொருள் தன் பிறந்தநாளைச் சொல்ல இயலுமா?

இனி இடைச்செருகல். முள் தேயும், வளையும், உடையும். பழுது பார்ப்பவர் வேறொரு முள்ளைச் செருகுவார். ஆதலின் முள்ளின் வயது பேனாவின் வயதாகாது. ‘வாரண்டட் 14 கேரட்’ என்று மட்டும் பொறித்த முள் எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்வதில்லை. அதில் 24 பங்கில் 14 பங்கு பொன் என்பதை மட்டுமே அது சொல்லும். ‘இரிடியம் பாயிண்ட்’ என்பதும் நிறுவனப் பெயரன்று. செருகிய பாடலை வைத்து நூலின் காலத்தை முடிவு செய்யும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவோமா?

இதனினும் கொடிது, மெருகேற்றுதல் என்னும் பெயரால் நடக்கும் அழிப்பு. பளபளப்புக்காகத் தேய்க்கும்போது பொறித்த எழுத்தும் எண்ணும் தேய்ந்துபோகின்றன. சுவடியின் எழுத்தைச் சுரண்டிவிட்டு ஓலையை மட்டும் பொன்போல் துலக்கி வைப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

‘மேனாட்டார் வணிகப் பொருளுக்குத் தமிழர் ஏன் இத்துணை மெனக்கெட வேண்டும்?’ என்று சிலர் கேட்பர். கேட்கட்டும். பேனா மேனாட்டார்க்கு மட்டும் உரியதன்று. அந்த அட்டையில் எழுதிய அதே 1935இல், ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் செய்தளித்த சுதேசிப் பேனாவைப் பாராட்டிக் காந்தியடிகள் மடல் எழுதினார். தமிழ்நாட்டுச் சாத்தூரில் பேனா முள் செய்வது ஒரு குடிசைத் தொழிலாகவே தழைத்து, பந்துமுனைப் பேனாவின் வரவால் நலிந்தது. நம்மவர் கையால் உருவான அம்முட்களில் பார்க்கரைப்போல் காலாண்டுப் புள்ளிகள் இல்லை. அவற்றின் காலத்தை நமக்குச் சொல்லக்கூடியவை, வாங்கியவரின் நினைவும் குடும்பத்தாரின் நேர்மையான குறிப்புமே. பார்க்கருக்குப் பொய் ஆண்டு எழுதினால் அப்பேனாவே எழுந்து மறுத்துரைக்கும். சாத்தூர் முள்ளுக்குப் பொய் ஆண்டு எழுதினால் மறுத்துரைக்க யார் இருக்கின்றார்? ஆகவே பொய் அட்டையால் பெரிதும் கெடுவது நம்முடைய வரலாறே.

முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966இல் கூடியது இந்தக் கோலாலம்பூரில்தான். ஆராய்ச்சியைத் தன் பெயரிலேயே தாங்கிய மாநாட்டுக்கு இடமளித்த மண்ணில், ‘முன்னே பின்னே இருந்தால் என்ன?’ என்னும் குரல் ஒலிக்கலாகாது. ஒரு பேனாவின் வயதில் பதின்மூன்று ஆண்டுகளைக் கூசாமல் கூட்டுகின்றவர், ஒரு நூலின் வயதில் ஆயிரம் ஆண்டுகளைக் கூட்டவும் கூசமாட்டார். பிறகு நாம் மெய்யாகவே தொன்மையானதைத் தொன்மையென்று சொல்லும்போதும் உலகம் நம்பாது.

ஆசிரியப் பெருமக்களே! பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் உள்ள உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள்: தாத்தாவின் பேனாவைக் கொண்டு வரட்டும். குளிர்ந்த நீரில் முள்ளை அலசட்டும், தேய்க்க வேண்டா. உருப்பெருக்கியால் பார்த்து, கண்டதைக் கண்டவாறே எழுதட்டும். வாங்கிய கதையைப் பாட்டியிடம் கேட்டு, ‘பாட்டி கூறியது’ என்றே குறிக்கட்டும். உறுதியில்லாத இடத்தில் ‘1948க்குப் பின்’ என்று எழுதுவதில் இழிவொன்றும் இல்லை. அந்த ஆசிரியர் உயிரோடிருந்து, மாணவன் ஒருவன் தவறான ஆண்டை எழுதியிருக்கக் கண்டிருந்தால், அதே பேனாவால் அதனை அடித்துத் திருத்தியிருப்பார். அவர் செய்திருக்கக்கூடிய திருத்தத்தையே இன்று நாம் செய்ய வேண்டும்.