தொப்பைக்கு யார் முத்திரை வைப்பது?

திருச்சி தில்லைநகர் பக்கம் போனால் இப்போதெல்லாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு பலகை கண்ணில் படுகிறது. கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. படுத்திருந்தால் போதும், ஒரே சிட்டிங்கில் 2 இன்ச் குறையும் என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் இரண்டு வயிறுகளின் படம். ஒன்று பானை, மற்றது பலகை.

நான் 33 வருடம் முத்திரை ஆய்வாளராக வேலை பார்த்தவன். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுவது, படியின் அடிப்பாகத்தை உள்பக்கமாகத் தட்டி மேடாக்குவது, துணியை இழுத்துப் பிடித்து மீட்டர் கோலில் அளப்பது என்று எல்லா வித்தையும் பார்த்தாயிற்று. அதனால் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் என் கண் எண்ணின் மேல் நிற்காது, அதன் பக்கத்தில் இருக்கும் அலகின் மேல்தான் போகும். இங்கே அலகு இன்ச். உடம்பு இளைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிலோ என்று ஏன் சொல்வதில்லை? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் இந்தத் தொழிலின் அடித்தட்டு தெரிந்துவிடும்.

முதலில் இயந்திரங்களைப் பார்ப்போம். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நியாயமில்லை. சிலவற்றுக்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது.

குளிர வைக்கும் முறைக்குக் கிரையோலிபோலிசிஸ் என்று பெயர். குச்சி ஐஸை வாயில் அடக்கி வைத்திருந்த குழந்தைகளின் கன்னத்தில் கொழுப்பு கரைந்து குழி விழுவதை 1970-லேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். தண்ணீர் உறைவதற்கு முன்பே கொழுப்பு உறைந்துவிடும். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவது மாதிரி. இதை வைத்து ஹார்வர்டைச் சேர்ந்த மான்ஸ்டைன், ஆண்டர்சன் என்ற இருவர் உருவாக்கியதுதான் இந்த முறை. 2010-ல் இடுப்பின் பக்கவாட்டுச் சதைக்கும், 2012-ல் வயிற்றுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குளிரில் சேதமான கொழுப்புச் செல்கள் இரண்டு மூன்று மாதங்களில் மெல்ல அழிகின்றன. நல்ல ஆய்வுகளில், இயந்திரம் வைத்த இடத்தில் மட்டும் கொழுப்பு அடுக்கு 20 முதல் 25 சதவீதம் குறைந்திருக்கிறது.

சூடாக்கும் முறைகள் பல. ரேடியோ அலை கொண்டு கொழுப்பை 43, 44 டிகிரிக்குச் சூடாக்கிச் சில நிமிடங்கள் அதே சூட்டில் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் பலனில்லை, கூடினால் தோல் பொசுங்கும். 1060 நானோமீட்டர் லேசரும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. ஹைஃபு என்பது குவித்த ஒலியலை. பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவிப்பதுபோல் தோலுக்குக் கீழே ஒரு புள்ளியில் 55 டிகிரிக்கு மேல் சூடேற்றும். கேவிடேஷன் என்பது 40 கிலோஹெர்ட்ஸ் அளவிலான குறைந்த அதிர்வெண் ஒலி. குமிழிகளை உண்டாக்கி செல்லை உடைப்பதாகச் சொல்கிறார்கள். நமது ஊர் ஸ்பாக்களில் அதிகம் இருப்பது இதுதான். இந்த வரிசையில் ஆதாரம் மெலிந்து நிற்பதும் இதுதான்.

பிறகு மின்காந்தத்தால் தசையைத் துடிக்க வைக்கும் இயந்திரம். தசை கொஞ்சம் இறுகும், மறுக்கவில்லை. ஆனால் "படுத்தபடியே உடற்பயிற்சி" என்ற ஆசை புதியதல்ல. 1949 முதல் அமெரிக்காவில் ரிலாக்ஸசைசர் என்றொரு மின்பெட்டி விற்றது. இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டால் இளைக்கலாம் என்றார்கள். 4 லட்சத்துக்கு மேல் விற்ற பிறகு, 1970-ல் ஆபத்தானது என்று நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. இன்றைய இயந்திரம் அதைவிட எவ்வளவோ மேலானது. ஆனால் விற்கும் வாய் மட்டும் அதே வாய்தான்.

கடைசியாக வாக்குவம் மசாஜ். சதையை உறிஞ்சி உருட்டும். ரத்த ஓட்டம் கூடும், தோல் சற்று நேரம் வழவழப்பாகத் தெரியும். கொழுப்பு அப்படியே இருக்கும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இருப்பதில் அதிக ஆதாரமுள்ள குளிர் முறையையே எடுத்துக்கொள்வோம். கொழுப்பு அடுக்கின் தடிமன் 3 செ.மீ. அதில் 20 சதவீதம் குறைந்தால் 6 மில்லிமீட்டர். இயந்திரம் பிடிக்கும் இடம் 10-க்கு 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 120 கன சென்டிமீட்டர். கொழுப்பின் அடர்த்தி 0.9. ஆக, குறைந்த எடை 108 கிராம்.

கடையில் விற்கும் 100 கிராம் வெண்ணெய்ப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அவ்வளவுதான். அதுவும் எல்லாம் சரியாக நடந்தால், மூன்று மாதம் கழித்து. இதனால்தான் பலகையில் கிலோ என்று எழுத முடியவில்லை. 100 கிராம் குறைத்துத் தருகிறோம் என்று எழுதினால் யார் உள்ளே வருவார்கள்?

சரி, இன்ச்சாவது குறையுமா? இடுப்பைச் சுற்றிலும் 6 மில்லிமீட்டர் குறைந்தால் சுற்றளவில் ஏறக்குறைய 3.8 செ.மீ. குறைய வேண்டும். ஆனால் இயந்திரம் முன்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடுகிறது. அப்படியானால் ஒன்றேகால் செ.மீ. அதாவது அரை இன்ச். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு பேர் டேப் வைத்து அளந்தாலே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். பலகையில் இருந்த 2 இன்ச் எங்கிருந்து வந்தது?

டேப்பிலிருந்து வந்தது. இடுப்புச் சுற்றளவை அளக்க உலக சுகாதார நிறுவனம் ஒரு முறை சொல்லியிருக்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், டேப் தரைக்குச் சமமாக, சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஸ்பாவில் முதல் அளவு சாப்பிட்டுவிட்டு வந்தவுடன், தொப்புளுக்கு நேராக, டேப்பைத் தளர்வாகப் பிடித்து. இரண்டாவது அளவு சூட்டில் வியர்த்து முடித்த பிறகு, இரண்டு விரல் மேலே ஏற்றி, "கொஞ்சம் மூச்சை இழுங்க மேடம்" என்று சொல்லி. தையல்காரரின் துணி டேப் நாளாக ஆக நீளும் என்பது தனிக்கதை. தட்டின் அடியில் ஒட்டிய அதே புளிதான், இப்போது ஏ.சி. அறைக்கு வந்திருக்கிறது.

என் மனைவியின் தங்கைக்கு வயது 58. சர்க்கரை உண்டு. கேவிடேஷனும் ரேடியோ அலையும் சேர்ந்த பேக்கேஜ் என்று பத்து சிட்டிங்குக்கு 48,000 ரூபாய் கட்டினாள். "அத்தான், நாலு இன்ச் குறைஞ்சிருக்கு, சார்ட்டப் பாருங்க" என்று எடுத்து வந்து காட்டினாள். சார்ட்டில் அழகாக நாலு இன்ச் இருந்தது. பாவாடை நாடா மட்டும் பழைய இடத்திலேயே முடிச்சு விழுகிறது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். நாடாவை நான் நம்புகிறேன். அதற்குச் சம்பளம் கிடையாது, இன்சென்டிவ் கிடையாது. டேப் பிடித்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவள் மாதச் சம்பளத்துக்கு நிற்கிறாள். என்ன எழுத வேண்டும் என்று தீர்மானிப்பவர் கல்லாவில் இருக்கிறார்.

கரைந்த கொழுப்பு சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறிவிடும் என்றும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். செல்லிலிருந்து வெளிவரும் கொழுப்பு நிணநீர், ரத்தம், கல்லீரல் என்று உடம்புக்குள்ளேதான் சுற்றும். உடம்பு அதை எரித்தால்தான் கணக்கு தீரும். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கணக்கு வந்தது. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீர். கொழுப்புக்குப் பிரதான வாசல் நுரையீரல். அந்த வாசலைத் திறக்க, மூச்சு வாங்க நடப்பதைத் தவிர வேறு சாவி எனக்குத் தெரிந்து இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இந்த இயந்திரங்கள் எல்லாமே தொடுவது தோலுக்குக் கீழே இருக்கும், கிள்ளினால் கையில் வரும் கொழுப்பை. சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் அதிகம் காரணமாவது குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் படிந்திருக்கும் உள்கொழுப்பு. நமக்கு அது கூடுதலாகச் சேரும். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்கள் படத்தையே லான்செட் இதழில் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிறவருக்கும் சர்க்கரை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே 2004-ல் அமெரிக்காவில் டாக்டர் சாமுவேல் கிளைன் குழு, உடல் பருமனான 15 பெண்களுக்கு லைப்போசக்‌ஷன் மூலம் வயிற்றுக் கொழுப்பை ஆளுக்குப் பத்து கிலோ அளவுக்கு எடுத்துப் பார்த்தது. அவர்களில் 7 பேர் சர்க்கரை நோயாளிகள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தால், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இன்சுலின் வேலை செய்யும் திறன் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. கத்தி வைத்துப் பத்து கிலோ எடுத்தே கிடைக்காத ஆரோக்கியம், கருவியை வைத்து 108 கிராம் எடுத்தால் கிடைக்குமா? ஆனாலும் பலகையில் "சர்க்கரை, பி.பி. கட்டுப்படும்" என்று கூச்சமில்லாமல் ஒரு வரி சேர்க்கிறார்கள்.

ஆபத்தே இல்லை என்பதும் பொய். குளிர் முறையில் அபூர்வமாக, குறைய வேண்டிய இடத்தில் கொழுப்பு கட்டியாக வளர்ந்துவிடும். 2014-லேயே மருத்துவ இதழில் பதிவானது இது. கனடாவின் புகழ்பெற்ற மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா, தனக்கு இது நேர்ந்ததென்று 2021-ல் வெளியே சொல்லி வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு சமரசமானது. குளிர்ந்தால் ரத்தத்தில் சில புரதங்கள் உறையும் கோளாறு உள்ளவர்கள் குளிர் முறை பக்கமே போகக்கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ரேடியோ அலையும் மின்காந்தமும் ஆகாது. சர்க்கரையால் உணர்ச்சி மரத்துப்போன தோலில் சூடு வைத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். என் மைத்துனியிடம் அவளுக்குச் சர்க்கரை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் கார்டில் பணம் கட்டுகிறீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-ல் வந்த மத்தியச் சட்டத்தின் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் மருந்து என்றால் மாத்திரை மட்டுமல்ல. உடலின் அமைப்பை மாற்றப் பயன்படும் எந்தப் பொருளும் அதில் அடங்கும். முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை. 2009-ம் ஆண்டின் சட்ட அளவியல் சட்டம் இன்னும் வேடிக்கை. பொருளானாலும் சேவையானாலும், விளம்பரத்தில் மெட்ரிக் அலகைத்தான் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 11-வது பிரிவு. நான் படித்தவரையில், "2 இன்ச் குறையும்" என்ற பலகை அலகிலேயே சட்டத்துக்குப் புறம்பானது. கீரைக்காரம்மாவின் எடைக்கல்லில் முத்திரை தேய்ந்திருந்தால் வழக்குப் போடும் அரசாங்கம், அரை லட்சம் வாங்கும் இடத்தில் பத்து ரூபாய் டேப்பை எட்டிப் பார்ப்பதில்லை.

அழகாக இருக்க ஆசைப்படுவது அவரவர் உரிமை, கிழவனுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஏற்கெனவே எடை சரியாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் சதை துருத்திக்கொண்டிருப்பவர், தோல் மருத்துவரிடம் போய், என்ன கிடைக்கும் என்று தெரிந்து பணம் கட்டினால் அது நேர்மையான வியாபாரம். மல்லிகைப்பூவை முழம் போட்டு வாங்குகிறோம். முழம் யார் கை என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். அளவு தெரிந்து வாங்குவது ஆசை. அளவைத் திரித்து விற்பது மோசடி, அது எந்தச் சந்தையில் நடந்தாலும்.

ஆகவே பணம் கட்டும் முன் ஐந்து விஷயம் கேளுங்கள். இயந்திரத்தின் பெயரும் அதன் உரிமமும் என்ன? பக்கத்தில் இருக்கப்போகும் மருத்துவர் யார்? எத்தனை கிராம் குறையும்? அளவு எடுக்கும் இடத்தைப் பேனாவால் குறித்து, என் வீட்டு டேப்பால், காலையில் வெறும் வயிற்றில் அளக்கலாமா? குறையாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதித் தருவீர்களா? ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் ரசீதையும் சார்ட்டையும் கிழித்துப் போடாதீர்கள். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருப்பவர்களை நம்பித்தான் அந்தப் பலகைகள் நிற்கின்றன.