பிழைக்கும் மதிப்பெண் வேண்டும்!

நம் லேப் ரெக்கார்டு நோட்டில் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். நோக்கம், செய்முறை, நிரல், வெளியீடு எல்லாம் முடிந்து, கடைசியில் ஒரே வாசகம்தான் இருக்கும்: 'நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு முடிவு சரிபார்க்கப்பட்டது.' எல்லாருக்கும், எல்லா நிரலும், முதல் தடவையிலேயே வெற்றி! அப்படியானால் லேபில் "சார், எரர் வருது சார்" என்று நாம் போடும் கூச்சல் எந்த நோட்டில் ஏறுகிறது?

நிரல் எழுதத் தெரிவதற்கு எவ்வளவு மார்க்கோ, ஓடாத நிரலை ஓட வைக்கத் தெரிவதற்கும் அவ்வளவு மார்க் தர வேண்டும் என்பது என் கருத்து. வேலைக்குப் போன சீனியர் அண்ணன்களைக் கேளுங்கள். புதிதாக எழுதுவதைவிட, எவரோ எழுதி வைத்ததில் கோளாறு எங்கே என்று தேடுவதுதான் அதிகம் என்பார்கள்.

ஃபேக்டோரியல் நிரலையே எடுத்துக்கொள்வோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவோம். 5 கொடுத்தால் 120 வரும், ரெக்கார்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். ஒருமுறை 8 கொடுத்துப் பாருங்கள். டர்போ சி-யில் விடை -25216! பெருக்கிக்கொண்டே போனால் மைனஸ் எப்படி ஐயா வரும்? "வைரஸ்டா மச்சி" என்பான் பக்கத்து பெஞ்சுக்காரன். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. டர்போ சி-யில் 'இன்ட்' என்பது 16 பிட். 32767-க்கு மேல் அதில் கொள்ளாது. 8 ஃபேக்டோரியல் 40320; அதிலிருந்து 65536 கழிந்து மைனஸாகக் காட்டுகிறது.

அதே நிரலை ஜி.சி.சி.யில் ஓட்டினால் இன்ட் 32 பிட், 12 வரை சரியாக வரும். 13 கொடுத்தால் 1932053504 என்று வருகிறது. சரியான விடையோ 6227020800. எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிக பயம். மைனஸ் வந்தாலாவது சந்தேகப்படுவோம். இது நல்ல பிள்ளை மாதிரி நிற்கிறதே!

இது லேபோடு போகிற சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி சுமார் 40 விநாடியில் சிதறியது. காரணம், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணில் திணித்தது. நம் ஃபேக்டோரியலை மடக்கிய அதே 32767!

தசம எண்ணிலும் இப்படி ஒரு வம்பு உண்டு. ஃப்ளோட்டில் 0.1 வைத்து, 'இஃப்' போட்டு அது 0.1-க்குச் சமமா என்று கேட்டால், இல்லை என்கிறது கம்ப்யூட்டர். இரும எண்ணில் 0.1 முடிவே இல்லாமல் நீளும். எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் வைக்க வேண்டும். ஃப்ளோட்டில் வெட்டுகிற இடம் வேறு, டபுளில் வேறு. 1991 வளைகுடாப் போரில் பேட்ரியாட் ஏவுகணைக் கருவியின் கடிகாரம் இப்படி வெட்டிய 0.1 விநாடியைக் கூட்டிக் கூட்டி, 100 மணி நேரத்தில் 0.34 விநாடி பிசகியது. வந்த ஏவுகணையைத் தடுக்க முடியாமல் 28 வீரர்கள் மாண்டார்கள்.

சரி, கம்பைல் ஆகாத நிரலுக்கு வருவோம். திரையில் இருபது எரர் வந்ததும் தமிழ் மீடியத்திலிருந்து வந்த பலர் கையைத் தூக்கிவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வருபவை கொஞ்சம் சொற்கள்தானே! 'அன்டிக்ளேர்டு' என்றால், இந்தப் பெயரை நீ அறிவிக்கவே இல்லை என்று பொருள். 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்றால், நீ கூப்பிட்ட ஃபங்ஷன் எங்கேயும் கிடைக்கவில்லை. முதல் எரரை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் செய்தால் பாதி தானாக ஓடிப்போகும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனதற்கே அத்தனை ஆர்ப்பாட்டம். காட்டுகிற வரி சரியாக இருந்தால் அதற்கு முந்தைய வரியைப் பார்க்கணும், செமிகோலன் அங்கேதான் விட்டுப்போயிருக்கும்.

கேட்பதிலும் முறை வேண்டும். "சார், வரலை" என்றால் அவர்தான் என்ன செய்வார்? என்ன கொடுத்தேன், என்ன வரணும், என்ன வந்தது என்று மூன்றையும் சொல்லுங்கள். சொல்லும்போதே பல சமயம் விடை தெரிந்துவிடும்.

சிலபஸ் முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியப் பெருமக்கள் சொல்வது நியாயமே. ஃபோனில் கேட்டால் செயற்கை நுண்ணறிவு நொடியில் திருத்தித் தருகிறதே என்று நண்பர்கள் சொல்வதும் உண்மை. ஆனால் இன்டர்வியூவில் ஒரு தாளை நீட்டி, "இதில் தப்பு எங்கே தம்பி?" என்று கேட்கும்போது கையில் ஃபோன் இருக்காதே! இன்ஜினியர் அண்ணன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் இரவில் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்களுக்கு லேபை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

ஆகவே செய்முறைத் தேர்வில் உடைந்த நிரல் ஒன்றைத் தந்து திருத்தச் சொல்லி மார்க் போட வேண்டும். அதற்கு ஆணை வர நாளாகும். அதுவரை நம் பேரவை லேப் வாசலில் ஒரு பெரிய நோட்டு வாங்கி வைக்கட்டும். என்ன எரர் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று வருகிறவர் எல்லாரும் தமிழிலேயே எழுதட்டும். முதல் பக்கத்தில் அந்த -25216-ஐ நானே எழுதித் தருகிறேன்.