கீரைப் பாத்தியும் வெற்றிலைத் தட்டமும்

புற்றுநோய் என்ற சொல்லை உச்சரிக்கவே எம்மவரில் பலர் இன்னும் தயங்குகின்றனர். "அந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதே வழக்கம். தலைவிதி என்போரும் செய்வினை என்போரும் உளர். இதனால், இந்நோயைப் பற்றிப் பேசவேண்டிய இடங்களாகிய அடுப்படியிலும் தோட்டத்திலும் அது பேசப்படாமலே போகின்றது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வந்துவிட்ட புற்றுநோயை எந்தக் கீரையும் எந்தக் கசாயமும் மாற்றாது. அதற்கு வைத்தியசாலைதான் வழி. மரக்கறி மட்டுமே உண்டு வாழ்ந்தவருக்கும் இந்நோய் வரலாம். நாம் இங்கு பேசுவது, அது வருவதற்கான வாய்ப்பை உணவினால் ஓரளவு குறைப்பது பற்றி மட்டுமே.

அயர்லாந்தில் பிறந்த டெனிஸ் பேர்க்கிற் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் உகண்டாவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். மேலைநாடுகளில் பலரைக் கொல்லும் பெருங்குடற் புற்றுநோய் ஆபிரிக்கக் கிராமத்தவரிடம் அரிதாக இருப்பதை அவர் கவனித்தார். தீட்டாத தானியமும் கிழங்கும் அவரையினங்களும் உண்பவர்களின் உணவிலுள்ள நார்ச்சத்தே காரணமாகலாம் என்று 1971 இல் எழுதினார். அவர் சொன்னதில் எல்லாம் அப்படியே நிலைக்கவில்லை. ஆனால் அடிப்படை நிலைத்தது. 2018 இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் வெளியிட்ட அறிக்கையின்படி, நாளொன்றுக்கு 90 கிராம் முழுத்தானியம் கூடுதலாக உண்பவருக்குப் பெருங்குடற் புற்றுநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ 17 வீதம் குறைவு. நார் மலத்தைத் தேங்கவிடாது வெளியேற்றுகின்றது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நாரைப் புளிக்கச் செய்து உண்டாக்கும் அமிலங்கள் குடற்சுவரின் கலங்களைக் காக்கின்றன.

இதைப் படிக்கும் போது எமது பாட்டிமாரின் சட்டிபானை நினைவுக்கு வராதிருக்குமா? குரக்கன் பிட்டு, கைக்குத்து மொட்டைக்கறுப்பன் சோறு, பயற்றங்கஞ்சி, முசுட்டையும் முல்லையும் போட்ட இலைக்கஞ்சி, ஒடியற் கூழ். 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 11 கிராம் நார் உண்டு. தீட்டிய வெள்ளையரிசியிலோ வெள்ளைக் கோதுமை மாவிலோ அதன் சிறு பங்குதான் மிஞ்சுகின்றது. ஏழைகளின் சாப்பாடு என்று நாம் வெட்கப்பட்டு ஒதுக்கியவற்றை இன்று கொழும்புக் கடைகளில் அழகான பைகளில் அடைத்து விற்கின்றார்கள்.

வெட்கம் மட்டும் இவற்றைப் பறிக்கவில்லை என்பதும் உண்மை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களும், 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டவர்களும் தம்மோடு தோட்டத்தைக் கொண்டுபோக முடியவில்லை. கையில் கிடைத்தது உலர் உணவு நிவாரணம்: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். அது உயிரைக் காத்தது. அதைக் குறை கூறும் எண்ணம் எமக்கில்லை. ஆனால் பல ஆண்டுகள் அந்தச் சாக்கில் வந்ததையே உண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ரொட்டியும் சீனி போட்ட பிளேன்ரீயும்தான் சாப்பாடு என்று நாக்குப் பழகிவிட்டது. முகாம்கள் மூடப்பட்டாலும் நாக்கு மீளக்குடியமர மறுக்கின்றது.

நாளொன்றுக்கு ஒருவருக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்று உலக சுகாதார தாபனம் கூறுகின்றது. கிழங்குகள் இக்கணக்கில் சேரா. அப்பிளும் திராட்சையும் வாங்கித்தான் இதை நிரப்பவேண்டும் என்பதில்லை. ஒரு பிடி முருங்கையிலை வறை, ஒரு பூசணித் துண்டு, கத்தரிக்காய்க் கறி, ஒரு கொய்யா, ஒரு துண்டு பப்பாசி என்று சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய நிரம்பிவிடும். சட்டியில் மிஞ்சினால்தான் அம்மாவுக்கு என்ற வழக்கத்தையும் இவ்விடத்தில் கேள்வி கேட்கவேண்டும். வறையில் அவருக்கும் முதற்பங்கு உண்டு.

மச்சம் உண்போர் அதை முற்றாக விடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சின்ன மீனும் முட்டையும் வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் நல்லவை. தாவர உணவில் கிடைக்காத விற்றமின் பீ12 அவற்றில் உண்டு. குறைக்கவேண்டியது சொசேஜஸ் போன்ற பதனிட்ட இறைச்சி வகைகளைத்தான். 2015 இல் இவை புற்றுநோயை உண்டாக்குபவை என்று வகைப்படுத்தப்பட்டன. எமது வீடுகளில் இது பெரிய பிரச்சினையல்ல, கடைத்தெருவில் பிள்ளைகள் பழகுவதைத் தவிர.

இன்னொன்று. கீரைக்குப் பதில் குளிசை போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கின்றனர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்குகொண்ட ஆய்வொன்றின் முடிவு 1994 இல் வெளிவந்தது. மஞ்சள் மரக்கறிகளிலும் கீரைகளிலும் உள்ள பீற்றா கரோட்டினைக் குளிசையாக எடுத்தவர்களிடம் நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 வீதம் கூடியது. இலையாக உண்பது வேறு, அதிலிருந்து ஒரு சத்தை மட்டும் பிரித்து விழுங்குவது வேறு.

இனி, எமக்கு மிக நெருங்கிய விடயத்துக்கு வருவோம். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது வாய்ப் புற்றுநோய். இதற்குப் பெருங் காரணமாகிய பொருள்களும் தாவரங்களே. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோதும் நாம் விடாமல் மடியில் கட்டிக்கொண்டு வந்தவை அவை: பாக்கும் புகையிலையும். புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோய் தரும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985 இலேயே கூறியது. 2004 இல் வெளியிட்ட முடிவில், புகையிலை சேராத கூட்டும், ஏன், பாக்குத் தனியேயும் புற்றுநோய் தரும் என்று அறிவித்தது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தானே" என்ற சமாதானம் அன்றோடு முடிந்தது. பாக்கிலுள்ள சத்துக்கள் கன்னத்தின் உட்தசையை நாராக இறுகச் செய்கின்றன. நாளடைவில் வாயைத் திறக்கவே முடியாமல் போவதுண்டு.

முகாம் வாழ்க்கையில் ஏன் பலர் வெற்றிலைக்கு அடிமையானார்கள் என்பது எமக்கு விளங்காததல்ல. பசி அடங்கும், வரிசையில் நிற்கும் நேரம் போகும், மனப்பாரமும் சற்று இறங்கும். அறுவடைக்கு ஆள் பிடித்தால் வெற்றிலை கொடுப்பதும் வழக்கம். புகையிலைச் செய்கையால் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் எம் வாசகர்களிடையே உண்டு என்பதையும் அறிவோம். ஆயினும் சொல்லாமல் விடமுடியாது. பாக்கையும் புகையிலையையும் வாயில் அடக்கிக்கொண்டு கீரையால் பாதுகாப்புத் தேடுவது, பட்டியைத் திறந்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது போன்றது. கலியாண வீட்டில் தட்டத்தை மரியாதைக்கு நீட்டட்டும். அதை வேலைக்காரருக்குக் கூலியின் பங்காகக் கொடுப்பதை நிறுத்தி, கச்சானோ அவித்த கடலையோ கொடுக்கலாம்.

கச்சான் என்றதும் ஓர் எச்சரிக்கை. நன்றாகக் காயாத கச்சானிலும் சோளத்திலும் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாரொட்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலில் புற்றுநோய் தருவது. வறுத்தாலும் அவித்தாலும் முற்றாகப் போகாது. ஒழுகும் தறப்பாள் கொட்டிலில் மூடையை நிலத்தில் வைக்காதீர்கள். பலகையின் மேல் வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததை, வீணாகின்றதே என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம்.

வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்கும் அளவு குறைதல் ஆகியவற்றைக் கண்டால் பல் வைத்தியரிடம் உடனே காட்டவேண்டும். 1980களிலேயே இலங்கையில் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றி, கிராமங்களில் வாய் பரிசோதித்து இத்தகைய மாற்றங்களைக் கண்டுபிடிக்கலாம் என்று செய்துகாட்டியிருக்கின்றார்கள். வடக்கில் உள்ளவர்களுக்கு, 2013 இல் தெல்லிப்பழையில் திறக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலையும் இருக்கின்றது. நேரத்தோடு போனவருக்கே சிகிச்சை இலகு.

காணியில்லாதவர் எங்கே கீரை போடுவது என்ற கேள்வி நியாயமானது. பிறர் வளவில் குடியிருப்போரைப் பயன்மரம் நடவிடாத உரிமையாளர் உண்டு; மரம் நட்டால் பின்னர் உரித்துக் கேட்பார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. முருங்கைக் கதியால் ஒன்றை வேலியில் ஊன்றுவதற்கே சண்டை வந்த இடங்கள் உண்டு. ஆனால் முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கும் பயிர். அதனால் எவருடைய உறுதிக்கும் பங்கம் வராது. உரப்பையில் மண் நிரப்பியும் வளர்க்கலாம். கிணற்றடித் தண்ணீர் ஓடும் இடத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் தாமாகவே படரும். மருந்து தெளித்த தோட்டத்து ஓரத்தில் மட்டும் கீரை பிடுங்கவேண்டாம்.

நிவாரணமும் வாழ்வாதார உதவியும் வழங்கும் நிறுவனங்களிடம், எமது திருச்சபை அமைப்புகள் உட்பட, நாம் கேட்பது பெரிதல்ல. மாவும் சீனியும் கொடுக்கும் பொதியில் பயறும் கௌபியும் குரக்கனும் ஒரு பங்கு இருக்கட்டும். அதோடு ஒரு சிறு பை கீரை விதையும் பூசணி, பயற்றை விதைகளும். கடந்த காலங்களில் விதைப் பொதிகள் மழை முடிந்த பின் வந்து சேர்ந்த கதைகள் பலருக்கும் தெரியும். காலபோகத்துக்கு முன், புரட்டாதி கழியுமுன் அவை குடும்பங்களின் கைக்குக் கிடைத்தாக வேண்டும்.