700ஐ மன்னித்தவர்கள் 1,350ஐ ஏசலாமா?

புசல்லாவையில் தொழிற்சங்க நண்பர் ஒருவர் வாதாடுகிறார்: எங்கள் சங்கம் விட்டுக்கொடுத்தது நடைமுறை, இப்போதைய அரசு விட்டுக்கொடுப்பது துரோகம்.

எப்படி ஐயா? தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளமாக 1,000 ரூபாய் கேட்டு மலையகமே வீதிக்கு இறங்கியபின், 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700க்குக் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. "கம்பனி இதற்கு மேல் தராது" என்று அன்று நியாயம் சொன்னவர் நீங்கள். 2025 பெப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் 1,700 என்று பேசிய அரசு, அந்த வருடம் முழுக்க 1,350இல் நின்றபோது மட்டும் ஏன் கொதித்தீர்கள்? கொதித்தது சரி. அன்றும் கொதித்திருக்க வேண்டும்.

ஆளும் தரப்பு நண்பர்களுக்கும் இதே கேள்விதான். எதிர்க்கட்சியில் இருந்தபோது ஒரு நாள்கூடப் பொறுக்காதவர்கள், ஆட்சிக்கு வந்ததும் பொறுமை கேட்டார்கள்.

கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்து பாருங்கள். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான். மழையில் நனைந்து மலையேறிய பெண்ணுக்குப் பாதிச் சம்பளம். எந்தக் கட்சி ஆண்டாலும் தராசு அதேதான். அந்த அரைப்பேரை நிறுத்த உங்கள் சங்கம் என்ன செய்தது? முதலில் அதைச் சொல்லுங்கள்.