செடி வாங்கிட்டு இன்ஹேலரை நிறுத்தாதீங்க

போன வாரம் ஓபியில ஒரு அம்மா ஏழு வயசுப் பையனோட வந்தாங்க. ராத்திரி பூரா இழுப்பு. நெபுலைசர் வெச்சு பையன் கொஞ்சம் தெளிஞ்சதும் கேட்டேன், "தினமும் போடச் சொன்ன இன்ஹேலர் போடுறீங்களாம்மா?"

"இல்ல சார், பழக்கமாயிடும்னாங்க. அதான் காத்தைச் சுத்தம் பண்ற செடி நாலு வாங்கி பெட்ரூம்ல வெச்சிருக்கோம்."

இன்ஹேலர் பழக்கமாகாது. முதல்ல அதைச் சொல்லிடுறேன். அந்த அம்மா மேல எனக்குக் கோவமில்லை, செடியை மருந்து மாதிரி வித்தவங்க மேலதான்.

இந்தக் கதைக்கு மூலம் 1989ல வந்த நாசா ஆய்வு. காத்துப் புகாத பெட்டிக்குள்ள செடியை வெச்சாங்க. பென்சீன் மாதிரி வாயுக்கள் குறைஞ்சது. உண்மைதான். ஆனா உங்க வீடு மூடின பெட்டி இல்லையே! 2019ல இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. கட்டடத்துல சாதாரணமா நடக்கிற காத்தோட்டம் செய்ற வேலையைச் செடி செய்யணும்னா, சதுர மீட்டருக்குக் குறைஞ்சது 10 செடி வேணும். பத்துக்குப் பத்து ரூம்ல 90 தொட்டிக்கு மேல. பையன் எங்க படுப்பான்?

"ராத்திரி கொசுவுக்கு என்ன பண்றீங்க?"ன்னு கேட்டேன். சுருள். கதவைச் சாத்திட்டு. ஒரு சுருள் எரிஞ்சா வர்ற நுண்துகள் 75ல இருந்து 137 சிகரெட்டுக்குச் சமம்னு 2003லயே ஆய்வு வந்தாச்சு.

ஊருக்குள்ளயும் இதே கூத்துதான். ரோட்டை அகலப்படுத்த நாப்பது வருஷத்துப் புங்கமரத்தை வெட்டிட்டு, ஈடா பத்து கன்னு நட்டு போட்டோ எடுக்கிறோம். மரம் தூசியைப் பிடிக்கிறதே இலைப்பரப்பாலதான். இலையோட சொரசொரப்புலயும் ரோமத்துலயும் துகள் ஒட்டும், மழை கழுவி மண்ணுக்கு இறக்கும். வாயுக்கள் இலைத்துளை வழியா உள்ள போகும். இடுப்பளவு கன்னுல அவ்வளவு இலை ஏது? மரமும் சும்மா தாங்கல. ரோட்டோர மரத்து இலையை விரலால தேய்ச்சுப் பாருங்க, கறுப்பா வரும். அந்தப் படிவுதான் துளையை அடைச்சு, வெளிச்சத்தையும் மறைக்குது.

சரி, பெரிய மரம் இருந்தா போதுமா? அதுவும் இல்லை. 2010ல அமெரிக்க மரங்கள் 1.74 கோடி டன் மாசை நீக்கினதா ஒரு கணக்கு. ஆனா காத்துத் தரம் கூடினது சராசரியா 1 சதவீதத்துக்கும் கீழ. நுண்துகளுக்கு நம்ம நாட்டு வருடாந்திர வரம்பு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 5. இந்த இடைவெளியைக் கன்னு நட்டு மூட முடியாது. எரியிற குப்பையை நிறுத்தணும், டீசல் புகையைக் குறைக்கணும்.

"அப்ப மரமே வேணாமா டாக்டர்?"னு கமெண்ட் போட வர்றவங்களே, வேணும். நிழலுக்கு வேணும், வெயிலுக்கு வேணும். ரோட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல அடர்த்தியா செடிவேலி இருந்தா பசங்க மூக்குக்குப் போற புகையும் குறையும். புகை விடுறதுக்கு லைசென்ஸா மட்டும் மரத்தைக் காட்டாதீங்க.

அந்தப் பையன் இப்ப வீட்டுல. சுருளுக்குப் பதில் கொசுவலை, தினமும் ஸ்பேசர் வெச்சு இன்ஹேலர். செடி இருக்கட்டும்மா, அழகாத்தான் இருக்கும்னு சொல்லி அனுப்பினேன். தொட்டித் தட்டுல மட்டும் தண்ணி தேங்க விடாதீங்க, கொசு அங்கதான் முட்டை போடுது.