கணினியும் கடன் கொப்பியும்

சென்ற கிழமை மருமகன் கொழும்பிலிருந்து கதிரவெளிக்கு வந்திருந்தான். மென்பொருள் எழுதுவது அவன் தொழில். நம் வீட்டுக் கருவாட்டுக் கடைக்குக் கணினிக் கணக்கு அமைத்துத் தருவதாகச் சொல்லிப் பதினொரு நிரல்கள் வரைந்து காட்டினான். கடன், வரவு, நிறை, கருவாட்டு வகை, வாங்குவோரின் குடும்ப விபரம் என்று அது நீண்டது.

“இவ்வளவையும் யார் எழுதுவது, மருமகனே?” என்றேன்.

“மாமி எழுதுவார், மாமா.”

மாமி உப்புக் கையோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

நேயர்கள் நகைக்கலாம். ஆனால் பெரிய நிறுவனங்களும் இக்கேள்வியைக் கேளாமலே இடறி விழுந்திருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் திணைக்களம் 2010 மார்ச்சில் புதிய சம்பளக் கணினி முறைமையொன்றை இயக்கத் தொடங்கியது. பழைய முறைமைக்கு ஆதரவளிக்கும் காலம் முடிந்துவிட்டதால் மாற்றம் அவசியமே. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அத்திணைக்களத்தில் இருநூறுக்கு மேற்பட்ட படிகளும், அவை ஒன்றோடொன்று பின்னியதால் 24,000க்கு மேற்பட்ட சம்பளச் சேர்க்கைகளும் இருந்தன. விதிகளின் சிக்கலை அவிழ்க்காமல் அப்படியே கணினியின் தலையில் ஏற்றினார்கள். விளைவாகத் தாதியர் உட்பட ஆயிரக்கணக்கானோர் குறைந்த சம்பளம் பெற்றனர்; சிலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. 61.9 இலட்சம் டொலரில் ஒப்பந்தமான வேலையின் மொத்தச் செலவு ஏறக்குறைய 120 கோடி டொலராகும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. 2013இல் விசாரணை ஆணைக்குழுவும் அமர்ந்தது. இரவெல்லாம் நோயாளியின் அருகே விழித்திருந்தவளுக்கு ஆணைக்குழுவால் என்ன பயன்?

நம் நாட்டில் நடந்ததோ வேறு விதம். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையையும் வாரிச் சென்றபோது, கொழும்பில் மென்பொருளாளர் சிலர் ஊதியமின்றிக் கூடி ‘சஹானா’ என்ற முறைமையை அமைத்தனர். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனவர் யார், எம்முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே உதவுகிறது, எவருக்கு என்ன தேவை? ஒவ்வொரு பகுதியும் அன்றே விடை வேண்டி நின்ற ஒரு கேள்விக்காக எழுந்தது. தாயொருத்தி தன் மகனைத் தேடும் வேளையில் வேண்டாத கட்டமொன்றை நிரப்பச் சொல்ல எவருக்கு மனம் வரும்? 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் ஹெயிட்டியிலும் அம்மென்பொருள் பயன்பட்டது.

இவற்றைச் சொன்னபோது மருமகன் முகம் சுளிக்கவில்லை. தாளை எடுத்து நிரல்களை ஒவ்வொன்றாக வெட்டினான். கடன், வரவு, திகதி, பெயர் என்று நான்கே மிஞ்சின. பிறகு மாமி வந்து எட்டிப்பார்த்து, “கருவாட்டு வகை எங்கே?” என்று கேட்டாள். சூடையின் விலையும் பாரையின் விலையும் ஒன்றா என்றும் கேட்டாள்.

அந்த ஐந்தாவது நிரலை அவன் மறுபேச்சின்றி மீண்டும் வரைந்தான்.